வெள்ளி தினமும் நாலு மணிக்கு முளைப்பதில்லை

டெல்டா பக்கம் யாரிடமாவது விடிவெள்ளி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விடிகாலை நாலு மணிக்குக் கிழக்கே முளைக்கும், அது முளைத்தால் எழுந்திருக்கும் நேரம் என்பார்கள். நாற்றுப் பறிக்கப் போனவர்களும் முறைத்தண்ணீருக்கு மடை திருப்பப் போனவர்களும் கடிகாரம் இல்லாத காலத்தில் அதைப் பார்த்துத்தான் கிளம்பினார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு உண்டு. பாதி சரி. ஆனால் வருஷத்தில் பல மாதம் அந்த வெள்ளி காலையில் இருக்கவே இருக்காது. சில மாதம் சாயங்காலம் மேற்கே நிற்கும், சில வாரம் எங்கேயும் தெரியாது. காலையில் வரும் காலத்திலும் நாலு மணி என்று கணக்கு எதுவும் கிடையாது. மூன்றேகாலுக்கும் முளைக்கும், ஐந்தரைக்கும் முளைக்கும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம் இருக்கிறது. சாயங்காலம் மேற்கே பளிச்சென்று ஒன்று தெரிந்தால் போதும், படம் எடுத்து "அதிசய நட்சத்திரம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவார்கள். ட்ரோன் என்பார்கள், வேவு பார்க்கும் செயற்கைக்கோள் என்பார்கள். போன வருஷம் காலையில் பார்த்த அதே ஆள்தான் இது என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் குறைவு.

ஒரே பொருள் எப்படிக் காலையிலும் மாலையிலும் மாறி மாறி வருகிறது, நடுவில் எங்கே போய்விடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கணக்கு கொஞ்சம் வரும், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஆள் யார்

வெள்ளி ஒரு கோள். கோள் என்றால் சூரியனைச் சுற்றி வரும், சொந்த வெளிச்சம் இல்லாத பெரிய உருண்டை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். சூரியனிலிருந்து இரண்டாவது இடத்தில், சுமார் 10.8 கோடி கி.மீ. தள்ளிச் சுற்றுகிறது. நாம் மூன்றாவது, சுமார் 15 கோடி கி.மீ. தள்ளி. அளவில் பூமியும் வெள்ளியும் ஏறக்குறைய ஒன்றுதான். குறுக்களவில் வெள்ளி 600 கி.மீ. சொச்சம் குறைவு, அவ்வளவே.

வானத்தில் சூரியனுக்கும் நிலாவுக்கும் அடுத்தபடியாக வழக்கமாகத் தெரியும் வெளிச்சம் இதுதான். இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைவிட வெள்ளி தன் உச்சத்தில் ஏறக்குறைய 20 மடங்கு பளிச்சென்று இருக்கும்.

இங்கே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: வெள்ளியின் வட்டம் நம் வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. மற்ற எல்லாமே இதிலிருந்து வருகிறது.

தெப்பமும் கரையும்

திருவாரூர் கமலாலயம் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தீவு போல நாகநாதர் கோயில் இருக்கிறது. தெப்பத் திருவிழா இரவு. அந்த நடுக்கோயிலில் கண்ணைக் கூசும் அளவுக்கு ஒரு பெரிய விளக்கு எரிகிறது, அதைச் சுற்றித் தெப்பம் வருகிறது, நீங்கள் குளத்துக்கு வெளியே கரைத் தெருவில் அதே திசையில் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிஜத் தெப்பம் ஆடி அசைந்து போகும், இங்கே கொஞ்சம் வேகமாக இழுக்கிறார்கள். தெப்பத்தின் சுற்று சின்னது, வேகமும் அதிகம். உங்கள் சுற்று பெரியது, வேகமும் குறைவு. விளக்குதான் சூரியன், தெப்பம் வெள்ளி, நீங்கள் பூமி.

இப்போது நடந்துகொண்டே தெப்பத்தைப் பாருங்கள். எந்த நேரத்திலும் அதைப் பார்க்க நீங்கள் குளத்துக்கு முதுகு காட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் அது எப்போதும் குளத்துக்குள்தான் இருக்கிறது. விளக்குக்கு இந்தப் பக்கம் தெரியும் அல்லது அந்தப் பக்கம் தெரியும். உங்களுக்குப் பின்னாலிருந்து தெப்பம் உங்களைப் பிடிக்க வரும்போது விளக்குக்கு ஒரு பக்கம் தெரிகிறது. உங்களைத் தாண்டி முன்னே போன பிறகு மறு பக்கம் தெரிகிறது. அப்புறம் இரண்டு சந்தர்ப்பங்களில் அது சரியாகத் தெரியாது: விளக்குக்குப் பின்னால், எதிர்க்கரை ஓரமாகப் போகும்போது ஒரு தடவை, உங்களுக்கும் விளக்குக்கும் நடுவே வரும்போது ஒரு தடவை. இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான், விளக்கின் கூச்சம்.

இதை வானத்துக்குக் கொண்டு போவோம். வானத்தில் சூரியனுக்குக் கிழக்குப் பக்கம் இருக்கும் எதுவும் சூரியன் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் மேற்கு வானத்தில் மிச்சம் இருக்கும். சூரியனுக்கு மேற்குப் பக்கம் இருக்கும் எதுவும் சூரியனுக்கு முன்பே எழுந்துவிடும். வெள்ளி நம்மைப் பிடிக்கப் பின்னாலிருந்து வரும் மாதங்களில் அது சூரியனுக்குக் கிழக்கே இருக்கிறது, அதனால் சாயங்கால வெள்ளி. நம்மைத் தாண்டிவிட்டால் சூரியனுக்கு மேற்கே போய்விடுகிறது, அதனால் விடிவெள்ளி.

ஆக, வெள்ளி இடம் மாறுவது ஏதோ திடீர் வேலை அல்ல. உள்வட்டத்தில் வேகமாகப் போகிறவன் வெளிவட்டத்தில் மெதுவாகப் போகிறவனைத் தாண்டுகிறான். தாண்டுவதற்கு முன் மாலை, தாண்டிய பின் காலை.

நடுராத்திரியில் தெரிவது யார்?

வெள்ளி சூரியனை விட்டு எவ்வளவு தள்ளிப் போய் நிற்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. நம் கண்ணுக்குச் சூரியனுக்கும் ஒரு கோளுக்கும் நடுவே தெரியும் இடைவெளியை டிகிரியில் அளந்தால் அதற்கு விலகல் கோணம் என்று பெயர். வெள்ளிக்கு இதன் உச்சமே 47 டிகிரியைச் சுற்றித்தான், அதற்கு மேல் போகாது. கையை நன்றாக நீட்டி, மூடிய முஷ்டியை ஒரு கண்ணால் பார்த்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. நாலரை முஷ்டி தூரம், அதுதான் வெள்ளிக்குக் கயிறு.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வதாகத் தெரிகிறது. 47ஐ 15ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம் சொச்சம். அதனால் சூரியன் மறைந்து மிஞ்சி மிஞ்சிப் போனால் மூன்று மணி நேரம், சூரியன் எழும் முன் மிஞ்சிப் போனால் மூன்று மணி நேரம், இவ்வளவுதான் வெள்ளிக்கு அனுமதி. இராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலைக்கு மேலே ஒன்று ஜொலித்தால் அது வெள்ளி இல்லவே இல்லை. பெரும்பாலும் வியாழனாக இருக்கும், இல்லாவிட்டால் சிரியஸ், எப்போதாவது செவ்வாய். இந்த ஒரு சோதனையை வைத்தே பாதி வாட்ஸ்அப் படங்களைத் தள்ளிவிடலாம்.

இதில் நம் ஊருக்கு ஒரு சௌகரியம். தஞ்சாவூர், நாகப்பட்டினம் எல்லாம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கேதான் இருக்கின்றன. சூரியனும் கோள்களும் போகும் பாதை இங்கே தொடுவானத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், அதனால் வெள்ளி நேராக மேலே ஏறும், நேராகக் கீழே இறங்கும். இங்கிலாந்து மாதிரி வடக்கே தள்ளியுள்ள நாடுகளில் சில மாதங்களில் அது அடிவானத்தை ஒட்டிச் சாய்ந்தே கிடக்கும். நமக்கு அந்தத் தொல்லை குறைவு, வேளாங்கண்ணி, கோடியக்கரைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்தே எழுவதைப் பார்க்கலாம். அப்படி அடிவானத்தில் இருக்கும்போது காற்று வழியாக வரும் ஒளி கலைந்து அது சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும். ட்ரோன் என்ற புரளி பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கிளம்புகிறது.

584 நாள் கணக்கு

பூமி சூரியனைச் சுற்ற 365 நாள் சொச்சம், வெள்ளிக்கு 225 நாள். நாளொன்றுக்குப் பூமி ஏறக்குறைய 0.986 டிகிரி நகர்கிறது, வெள்ளி 1.602 டிகிரி. வித்தியாசம் 0.616. ஒரு தடவை நம்மைத் தாண்டிய வெள்ளி அடுத்த தடவை தாண்டுவதற்கு முழுதாக 360 டிகிரி கூடுதலாகப் போக வேண்டும். 360ஐ 0.616ஆல் வகுத்துப் பாருங்கள், 584 வரும். வெள்ளியின் முழு நாடகமும் ஒரு தடவை நடந்து முடிய 584 நாள், அதாவது ஒரு வருஷம் ஏழு மாதம். அதில் எட்டு ஒன்பது மாதம் சாயங்காலம், ஒரு வாரம் போல மறைவு, மறுபடி எட்டு ஒன்பது மாதம் காலை, அப்புறம் ஒன்றரை இரண்டு மாதம் போல மறைவு.

584 நம் வருஷத்தோடு ஒத்துப் போகாததால்தான் ஒரே தேதியில் வருஷத்துக்கு வருஷம் வெள்ளி வேறு வேறு இடத்தில் இருக்கிறது. மேட்டூர் அணை திறக்க வழக்கமாகச் சொல்லும் ஜூன் 12ஐ எடுத்துக்கொள்வோம், டெல்டாவில் அந்தத் தேதியை மறக்கிறவர் கிடையாது. 2024 ஜூன் 12 அன்று வெள்ளி சூரியனுக்கு அந்தப் பக்கம் போய் எட்டு நாள் ஆகியிருந்தது, கண்ணுக்கே தெரியவில்லை. 2025 ஜூன் 12, நல்ல விடிவெள்ளி. 2026 ஜூன் 12, சாயங்கால வெள்ளி. 2027இல் மறுபடி விடிகாலை, ஆனால் தாழ இறங்கிக்கொண்டிருக்கும். 2028இல் ஜூன் 1ஆம் தேதிதான் நம்மைத் தாண்டுகிறது, அதனால் 12ஆம் தேதி காலையில் அடிவானத்தில் புதிதாக எட்டிப் பார்க்கும் நிலை.

எட்டு வருஷம் பொறுத்தால் கதை திரும்புகிறது. 584ஐ ஐந்தால் பெருக்கினால் 2,920 நாள். எட்டு வருஷத்துக்கு 2,922 நாள். இரண்டு நாள்தான் வித்தியாசம். அதனால் 2024 ஜூன் 12இல் வெள்ளி என்ன செய்ததோ அதையே 2032 ஜூன் 12ஐ ஒட்டியும் செய்யும். எட்டு வருஷத்துக்கு முந்தைய பஞ்சாங்கத்தை எடுத்துச் சுக்கிரன் இருக்கும் இடத்தைப் பார்த்தால் இந்த வருஷத்துக்கும் ஏறக்குறைய பொருந்துவது இதனால்தான்.

மார்கழிக் காலை

திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழுந்ததும் வியாழன் உறங்கியதும் வருகிறது. வருஷா வருஷம் மார்கழியில் அதைப் பாடுகிறோம், அதனால் வருஷா வருஷம் மார்கழியில் அப்படி நடக்கும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடக்காது. வெள்ளி விடிகாலையில் இருக்க வேண்டும், அதே நேரம் வியாழன் மேற்கே மறைய வேண்டும், இரண்டும் மார்கழியில் விழ வேண்டும். வெள்ளிக்கு 584 நாள் கணக்கு, வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருஷம். இரண்டும் கூடிவரும் மார்கழி அபூர்வம்.

2025 மார்கழியில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். வியாழன் சொன்னபடி உறங்கினான். மார்கழிக் கடைசியில் சூரியன் எழும் நேரத்துக்கு மேற்கே இறங்கிவிட்டான். ஆனால் வெள்ளி எழவே இல்லை, 2026 ஜனவரி 6இல் அது சூரியனுக்குப் பின்னால் இருந்தது. 2026 மார்கழியில் தலைகீழ். வெள்ளி விடியலுக்கு மூன்று மணி நேரம் முன்பே எழுந்து தகதகவென்று நிற்கும், 2027 ஜனவரி 3இல் அதன் விலகல் உச்சம். வியாழனோ தூங்கப் போகாமல் மேற்கு வானத்தில் நல்ல உயரத்தில் விழித்துக்கொண்டிருப்பான். பாட்டில் வரும் காட்சியை வைத்து அந்தப் பாட்டு பாடப்பட்ட காலத்தைக் கணக்கிட அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். எல்லா வருஷமும் நடக்கிற காட்சியாக இருந்தால் அப்படி ஒரு முயற்சிக்கே இடம் இருந்திருக்காது.

மூடம் என்கிறார்களே

பஞ்சாங்கத்தில் சுக்கிர மூடம், சுக்கிர அஸ்தமனம் என்று போட்டிருப்பார்கள்; சில வீடுகளில் அந்த நாட்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கஞ்சனூர் சுக்கிரன் கோயிலுக்குப் போகிறவர்கள் இதைப் பற்றி நிறையச் சொல்வார்கள். பலன் எல்லாம் எனக்கு வேண்டாம், அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஆனால் வானத்தில் நடப்பது நாம் மேலே பார்த்த மறைவுதான். இந்த அஸ்தமனம் தினசரி மறைவது அல்ல, சூரியனின் கூச்சத்துக்குள் போவது. "கிழக்கே அஸ்தமனம்" என்று படித்துவிட்டுக் கிழக்கே எப்படி மறையும் என்று குழம்ப வேண்டாம், காலை வானத்திலிருந்து காணாமல் போகிறது என்று பொருள்.

இரண்டு மறைவும் ஏன் ஒரே அளவு இல்லை? தெப்பத்தையே பாருங்கள். எதிர்க்கரைப் பக்கம் போகும்போது அது மெல்ல ஊர்வதாகத் தெரியும், நம் பக்கத்தில் வரும்போது விருட்டென்று கடந்துவிடும். வெள்ளி தூரத்தில் இருக்கும்போது 26 கோடி கி.மீ., பக்கத்தில் வரும்போது 4 கோடி கி.மீ. அதனால்தான் பின்பக்க மறைவு மாதக் கணக்கு, முன்பக்க மறைவு நாள் கணக்கு.

முன்பக்கம் வரும்போது ஒவ்வொரு தடவையும் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்காதா என்று கேட்கலாம். வெள்ளியின் பாதை நம் பாதைக்கு 3.4 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் சூரியனுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும். அபூர்வமாகச் சரியாக நடுவில் வந்து கறுப்புப் புள்ளியாகக் கடந்து போகும், அதை வெள்ளி இடைமறிப்பு என்பார்கள். 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 இரண்டும் நடந்தன. அடுத்தது 2117 டிசம்பரில்தான். இதில் நம் பக்கத்து ஊர்க்கதை ஒன்று உண்டு. லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1761 இடைமறிப்பைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து உருப்படியாக ஒன்றும் அளக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பாமல் எட்டு வருஷம் கீழைக் கடல்கள் பக்கமே காத்திருந்து, 1769 ஜூன் 4 இடைமறிப்புக்குப் புதுச்சேரியில் தயாராக உட்கார்ந்தார். அன்று காலை மேகம் மூடிவிட்டது.

தெற்கே போன வெள்ளி

வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. பட்டினப்பாலை தொடங்குவதே இதில்தான்: வெண்மீன் திசை மாறித் தெற்கே போனாலும், வானம் பொய்த்தாலும், காவிரி பொய்க்காது என்று. காவிரியின் பெருமைக்காகச் சொன்னது. ஆனால் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் "வெள்ளி தெற்கே நிற்குது, மழை இருக்காது" என்பவர்கள் உண்டு.

வெள்ளி தெற்கே போவது உண்மை. சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் போக முடியாத ஆள், சூரியன் தெற்கே போனால் தானும் கூடப் போகத்தானே வேண்டும். அதனால் ஐப்பசி முதல் தை வரையுள்ள காலத்தில் வருஷம் தவறாமல் ஒரு கட்டத்தில் வெள்ளி நன்றாகத் தெற்கே இறங்கும், சில தடவை சூரியனையும் தாண்டி. இப்போது யோசித்துப் பாருங்கள், டெல்டாவுக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டுவதே ஐப்பசி கார்த்திகையில்தான். வெள்ளி தெற்கே இருந்தால் மழை இல்லை என்பது உண்மையானால் நாகப்பட்டினத்தில் ஒரு வருஷமும் சம்பா வயல் முழுகியிருக்காது.

ஏன் இவ்வளவு பளிச்

வெள்ளியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் மேகம். நீராவி மேகம் இல்லை, கந்தக அமிலத் துளிகள். தன் மேல் விழும் வெயிலில் நாலில் மூன்று பங்கை அது திருப்பி அடித்துவிடுகிறது. நம் நிலா திருப்பி அனுப்புவது எட்டில் ஒரு பங்கு. நமக்கு மிகப் பக்கத்தில் வரும் கோளும் இதுதான். பிரகாசத்துக்கு வேறு இரகசியம் எதுவும் இல்லை.

மேகத்துக்குக் கீழே நிலைமை மோசம். காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு, அது வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. தரை வெப்பம் 465 டிகிரி செல்சியஸ், ஈயம் உருகிவிடும். காற்றழுத்தம் நம் ஊரைப் போல 90 மடங்குக்கும் மேல். 1982இல் இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப் பிடித்தது, அதுவே சாதனை.

இன்னொரு சங்கதி, வெள்ளிக்கும் பிறை உண்டு. கூச்சத்தை மறந்துவிட்டுத் தெப்பத்தை இன்னொரு தடவை பாருங்கள், விளக்கை நோக்கிய பக்கம்தான் வெளிச்சமாக இருக்கும். தெப்பம் எதிர்க்கரைப் பக்கம் இருந்தால் அந்த வெளிச்சப் பக்கம் முழுதாக உங்களைப் பார்க்கும், உங்கள் பக்கம் வந்தால் இருண்ட முதுகுதான் தெரியும். அதனால் தூரத்து வெள்ளி சின்ன முழு வட்டம், பக்கத்து வெள்ளி பெரிய பிறை. கலிலியோ 1610இல் தொலைநோக்கியில் இதைப் பார்த்தார், வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது என்பதற்கு அது வலுவான சாட்சியாயிற்று. வேடிக்கை என்னவென்றால் வெள்ளி அதிகமாக ஜொலிப்பது முழு வட்டமாக இருக்கும்போது அல்ல, பிறையாக இருக்கும்போதுதான். பக்கத்தில் வந்து பெரிதாவது, தேய்வதை ஈடுகட்டிவிடுகிறது.

பார்க்க வேண்டுமானால்

2026 ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய சாயங்காலங்களில் விலகல் உச்சம்; மேற்கே மரம், கட்டடம் மறைக்காத வயல் வரப்பாக இருந்தால் ஒன்பது மணி வரைக்கும் தெரியும். அதன்பின் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அக்டோபர் 24இல் நம்மைத் தாண்டும். நவம்பரில் விடிகாலை கிழக்கே வந்துவிடும். பிறை பார்க்க ஆசையிருந்தால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரை நல்ல நேரம், சாதாரண பைனாகுலர் போதும், கை ஆடாமல் சுவரிலோ வண்டி மேலோ சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியன் முழுக்க மறைந்த பிறகுதான் பைனாகுலரைக் கண்ணில் வைக்க வேண்டும், விடிகாலையில் பார்த்தால் சூரியன் எழும் முன்பே எடுத்துவிட வேண்டும். வெள்ளியைத் தேடப் போய்ச் சூரியன் ஒரு நொடி குறுக்கே வந்தாலும் கண் போய்விடும்.